கண்டதைக் கண்டபடி

ஐந்து ரோட்டில், துணிக்கடைக்கு மேல், மூன்றாம் மாடி.
இரவு பத்தரைக்கு எங்களுக்கு விடியும்.
முப்பத்தெட்டுப் பேர், முப்பத்தெட்டுத் திரை,
ஒரே ஒரு ஏசி, அதுவும் மேலாளர் தலைக்கு நேராக.
அமெரிக்காவில் யார் யார்
எந்த வேட்பாளருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று
படமாக வந்து விழும் படிவங்களைப் பார்த்துத்
தட்டித் தருவது என் வேலை.
பெயர். தெரு. தொழில். தொகை.
வரிக்குப் பதினெட்டு காசு.

ஒஹையோவில் ஒருவர், பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார்.
மாதாமாதம் மூன்று டாலர்.
பிப்ரவரியில் மட்டும் காணோம்.
உடம்புக்கு என்னவோ என்று
மார்ச் படிவம் வரும்வரை எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.
இன்னொருத்தி, தொழில் கட்டத்தில்
‘தேடிக்கொண்டிருக்கிறேன்’ என்று எழுதி
இருபத்தைந்து கொடுத்திருக்கிறாள்.
கையெழுத்து வலப்பக்கம் சாய்கிறது, என்னுடையதைப் போல.

பிறகு வந்தது அது.
‘ஒளிமிக்க நாளைக்கான குடும்பங்கள்.’
தொழில் இல்லை. தெரு இல்லை. தபால் பெட்டி எண் மட்டும்.
தொகையில் சுழியங்களை எண்ண
விரலைத் திரையில் வைக்க வேண்டியிருந்தது.
அடுத்த படிவம் வேறொரு சங்கம், அதே தபால் பெட்டி.
அடுத்ததும். அதற்கு அடுத்ததும்.
நான்கு சங்கம், ஒரு பூட்டு,
சாவி யாருடைய இடுப்பிலோ.

கையைத் தூக்கினேன். சகாயராஜ் சார் வந்தார்.
“தப்பா இருக்கா?”
“தப்பில்ல சார். ஆள் இல்ல.”
“சங்கத்துப் பேரு இருக்கில்ல?
கண்டதைக் கண்டபடி அடிம்மா.
நமக்குத் துல்லியம் தொண்ணூத்தொம்பதரை வந்தாப் போதும்.”
அடித்தேன். துல்லியமாக.

என் வீட்டுக்காரர் செவ்வாய்ப்பேட்டையில்
ஒரு மாலைப் பத்திரிகைக்குப் பக்கம் கட்டுகிறார்.
தேர்தல் அறிவித்த நாளிலிருந்து
எங்கள் வார்டில் நிற்கும் ஒருவர்
நாள் தவறாமல் சாக்கடை தூர் வாருகிறார், முதல் பக்கத்தில்.
எதிர்த்து நிற்கும் அம்மாளுக்கு
நான்காம் பக்கம், கண்ணீர் அஞ்சலிக்குக் கீழே,
இரண்டு சென்டிமீட்டர்.
“காசு வாங்கினா விளம்பரம்னு போடணும்ல?”
“போட்டிருக்கே” என்றார், சோற்றிலிருந்து தலை தூக்காமல்.
மகளின் பூதக்கண்ணாடியில் பார்த்தேன்.
இருந்தது,
படத்தின் ஓரமாக, செத்த எறும்பு ஒன்று.

ஆறேகாலுக்கு வேனிலிருந்து இறங்கியபோது
சேர்வராயன் மலை பாதிதான் தெரிந்தது.
மீதியைப் பற்றி மேகம் ஒன்றும் சொல்லவில்லை.
கதவில் தொங்கும் பால் பையில் ஒரு கவர்.
பழுப்பு நிறம், பசை காயவில்லை.
மேலே பென்சிலில்:
பாகம் 143, வரிசை 611, 612, 613.
உள்ளே ஆளுக்கு ஐந்நூறு.
611 என் மாமனார். ஆடியில் போய்ச் சேர்ந்தார்.
கொடுத்தவர் யார்?
திருப்பினேன். டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தேன்.
பால் ஈரம்தான் இருந்தது.

செத்தவரைக்கூட விடாமல்
எங்களை எவ்வளவு நன்றாகத் தட்டி வைத்திருக்கிறார்கள்,
யாரோ, ஏதோ ஒரு மாடியில்,
கண்டதைக் கண்டபடி!

மகளின் ரஃப் நோட்டில் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டேன்.
தொகை: ஆயிரத்து ஐந்நூறு.
பெறுநர்: திலகவேணி, கம்ப்யூட்டர் வேலை.
கொடுத்தவர்:
ஆபீசில் இதற்கு ஒரு வழி உண்டு,
எழுத்து புரியாவிட்டால் மூன்று கேள்விக்குறி.
இங்கே புரியாமல் போக எழுத்தே இல்லை.
கட்டத்தை அப்படியே விட்டேன்.

ஒன்பதுக்கு சிலிண்டர்காரர் மணியடித்தார்.
சம்பளத்துக்கு இன்னும் ஆறு நாள்.
கவரிலிருந்து இரண்டு தாள் எடுத்துக் கொடுத்தேன்.
மீதிச் சில்லறையை எண்ணித் தந்துவிட்டு
ரசீதைச் சுவரில் வைத்து
என் பெயர், தெரு, நுகர்வோர் எண் எல்லாம் நிரப்பி,
கீழே,
நான் கேட்காமலே,
தன் பெயரையும் எழுதினார்:
பொ. சடையப்பன்.